பத்திரத்தில் ஒரு பெயர், பாகத்தில் பல பேர்

மவுத்தான வீட்டில் மூன்றாம் நாள் பாத்திஹா முடிவதற்குள் ‘பெட்டிச் சாவி யாரிடம்?’ என்னும் கேள்வி எழுந்துவிடுவது நாம் அறியாததல்ல. முன்னாளில் அந்தப் பெட்டியில் நகையும் நிலப்பத்திரமும் கடைக் கணக்கும் இருந்தன. இன்று நம் பிள்ளைகள் அமெரிக்க நாட்டில் போய்க் குடியமர்ந்து, அங்கேயே உழைத்து, அங்கேயே மவுத்தாகியும் விடுகிறார்கள். அவர்கள் விட்டுச் செல்லும் செல்வத்தில் வீட்டுக்கு அடுத்தபடியாகப் பெரியது, பெரும்பாலும் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு என்ற ஒன்றே. அதற்குச் சாவி கிடையாது. ஒரு பத்திரம் உண்டு. பத்திரத்தில் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயருக்கு உரியவரிடம் பணம் முழுவதும் போய்ச் சேருகிறது. அப்படிச் சேர்ந்த பிறகு அது யாருடையது, அதற்கான வரியை யார் சுமப்பது, சர்க்காருக்குக் கொடுக்கும் கணக்கில் அதை எப்படிச் சொல்வது என்ற மூன்று கேள்விகளும் மார்க்கத்தோடு பின்னிக் கிடக்கின்றன.

முதலில் கணக்கின் தன்மையைச் சுருக்கமாகப் பார்ப்போம். அமெரிக்காவில் ஐ.ஆர்.ஏ. என்னும் தனிநபர் ஓய்வுக் கணக்கு 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்டது. கம்பெனிகள் வழியாக நடக்கும் 401-கே கணக்கு 1978-ஆம் ஆண்டு வரிச் சட்டத்திலிருந்து பிறந்தது. இரண்டிலும் வழக்கமான முறை ஒன்றே. சம்பளத்தில் ஒரு பகுதியை வரி கட்டாமலே உள்ளே போடலாம். வெளியே எடுக்கும்போதுதான் வரி. அப்படியானால் போட்டவர் எடுக்காமலே மவுத்தாகிவிட்டால் வரி மறைந்துவிடுமா? மறையாது. வீட்டையோ பங்குகளையோ வாரிசாகப் பெற்றவருக்கு, மரண நாளின் மதிப்பையே கொள்முதல் விலையாக வைத்துக்கொள்ளும் சலுகை அந்நாட்டில் உண்டு. இந்தக் கணக்குகளுக்கு அச்சலுகை இல்லை. எடுப்பவர் எவரோ அவருடைய அவ்வருட வருமானமாகவே அது எண்ணப்படும். ஆகவே மவுத்தானவர் விட்டுச் சென்றது முழுத் தொகையன்று. கட்டப்படாத வரியையும் வயிற்றில் சுமந்து நிற்கும் தொகை. இந்த ஒரு விஷயத்தை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்னால் வரும் சிக்கல்கள் எளிதில் விளங்கும்.

இனி, அது யாருடையது?

அந்நாட்டுச் சட்டம் தயக்கமின்றி விடை சொல்லுகிறது: பத்திரத்தில் பெயர் உள்ளவருடையது. உயில் வேறு விதமாகச் சொன்னாலும் பத்திரமே வெல்லும். 2009-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் டூபாண்ட் கம்பெனியின் சேமிப்புத் திட்டம் பற்றிய ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. ஒருவர் தம் மனைவியின் பெயரை எழுதியிருந்தார். பின்னர் மணவிலக்கு நடந்தது. அப்போது அந்தப் பணத்தில் தமக்கு உரிமை வேண்டாம் என்று அப்பெண் விட்டுக்கொடுத்தார். ஆனால் கணவர் பத்திரத்தை மாற்றவில்லை. அவர் இறந்தபின் ஏறத்தாழ 4 இலட்சம் டாலர் முன்னாள் மனைவிக்கே கொடுக்கப்பட்டது. சொத்தை நிர்வகித்த மகள் வழக்காடிப் பார்த்தும், கம்பெனி தன் ஏட்டில் உள்ள பெயருக்குக் கொடுத்தது சரியே என்று நீதிபதிகள் அனைவரும் ஒருமுகமாகத் தீர்த்தார்கள். கம்பெனியின் கண்ணோட்டத்தில் இதைக் குறை சொல்ல முடியாது. ஆயிரம் குடும்பங்களின் உள்விவகாரங்களை விசாரித்துக்கொண்டிருக்க அதனால் ஆகாது.

ஆனால் கம்பெனியின் கடமை முடிகிற இடத்தில்தான் முஸ்லிமின் கடமை தொடங்குகிறது. சூரத்துன் நிஸாவின் 11, 12, 176-ஆம் வசனங்களில் அல்லாஹுத் தஆலா வாரிசுகளின் பங்கைத் தானே வகுத்துத் தந்திருக்கிறான். தொழுகையின் ரக்அத்துகளையும் ஜகாத்தின் அளவையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் விளக்கத்தால் அறிகிற நாம், பாகப்பிரிவினையின் பின்னங்களை மட்டும் திருமறையின் வசனங்களிலேயே எண்ணிக்கையாகக் காண்கிறோம். மவுத்தானவரின் உழைப்பால் வந்து, அவர் விரும்பினால் எடுத்துச் செலவிட உரிமை பெற்றிருந்த பொருள் அவருடைய தரிக்காவில் சேரும். கபனிடும் செலவு, கடன், வஸிய்யத் ஆகியவை போக மிஞ்சுவது வாரிசுகளுக்கு. (மனைவிக்குத் தரவேண்டிய மஹர் பாக்கி கடனைச் சேர்ந்தது என்பதைப் பல குடும்பங்கள் மறந்துவிடுகின்றன.) கணவன் இறந்தபின் மனைவிக்கென்று சர்க்காரோ நிறுவனமோ மாதந்தோறும் அளிக்கும் குடும்ப ஓய்வூதியம் வேறு வகை. அது அவர் கையில் என்றும் இருந்த பொருளன்று. கொடுப்பவர் யாருக்கு என்று கொடுக்கிறாரோ அவருக்கே என்று உலமாக்கள் பலர் கூறுவர். நாம் பேசுகிற கணக்குகள் அப்படிப்பட்டவையல்ல.

“வாப்பா என் பெயரைத்தானே எழுதினார்கள்? எனக்குக் கொடுக்க வேண்டும் என்று அவர்கள் நாடினார்கள்” என்று ஒரு மகன் கேட்கலாம். நியாயமான கேள்வியே, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. வாப்பா உயிரோடிருக்கையில் அந்தப் பணத்தைக் கொடுத்துவிட்டாரா? இல்லை. கடைசி மூச்சுவரை அது அவர் வசமே இருந்தது. நாளைக்கே பெயரை அடித்து வேறு பெயர் எழுதும் உரிமையும் அவரிடமே இருந்தது. கைக்கு வராத பொருள் ஹிபாவாக நிறைவேறாது. மரணத்திற்குப் பின் போய்ச்சேரும்படி சொல்லி வைத்தது வஸிய்யத்தின் இனத்தைச் சேர்ந்தது. வாரிசுக்குச் செய்யும் வஸிய்யத், ஏனைய வாரிசுகள் பொருந்திக்கொண்டாலன்றிச் செல்லாது என்பது ஷாபிஈ, ஹனபீ இரு மத்ஹபுகளிலும் அறியப்பட்ட சட்டம். ஆகவே வாப்பாவின் எழுத்து அவரைப் பணத்தைப் பெறும் கையாக ஆக்கியது, உடைமையாளராக ஆக்கவில்லை. மேலும், அந்தப் பெயரை எழுதியபோது வாப்பா என்ன நாடினார் என்பதும் நிச்சயமில்லை. வேலையில் சேர்ந்த முதல் நாள் நீட்டிய இருபது காகிதங்களில் ஒன்றாக அதையும் நிரப்பியவர்களே மிகுதி.

நம் நாட்டில் ‘நாமினி’ என்ற சொல்லைக் கேட்டாலே சொத்து அவருக்குத்தான் என்று எண்ணுவோர் உண்டு. வங்கி வைப்புத் தொகையிலும் கம்பெனிப் பங்குகளிலும் நாமினி என்பவர் வாரிசுகளுக்காகப் பெற்றுக்கொள்பவரே. பங்குகள் விஷயத்தில் இந்திய உச்ச நீதிமன்றம் 2023-இல் இதையே உறுதிப்படுத்தியது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் பெற்றோர், கணவன் அல்லது மனைவி, மக்கள் ஆகியோரை நாமினியாக்கினால் அவர்களே உரிமை பெறும்படி 2015-இல் சட்டம் திருத்தப்பட்டது. அமெரிக்கச் சட்டம் எடுத்த எடுப்பிலேயே மறுபுறம் சாய்ந்து நிற்கிறது. அங்கே சகோதரியோ உம்மாவோ நீதிமன்றம் போனாலும் பலன் கிட்டாது. அவர்களுக்குள்ள ஒரே நீதிமன்றம் அந்த மகனுடைய ஈமான்தான். அதனால்தான் இது வெறும் கணக்கு வழக்காக இல்லாமல் அமானத்தின் பிரச்சினையாகிறது.

ஓர் உதாரணம் கொண்டு பார்ப்போம். ஒருவர் 2,40,000 டாலர் உள்ள ஐ.ஆர்.ஏ. கணக்கை விட்டு மவுத்தாகிறார். உம்மா தமிழ்நாட்டில் ஹயாத்தோடு இருக்கிறார்கள். தகப்பனார் முன்னமே காலமாகிவிட்டார். மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள் உண்டு. கடன் இல்லை, வஸிய்யத்தும் இல்லை. மனைவிக்கு எட்டில் ஒன்று, 30,000. உம்மாவுக்கு ஆறில் ஒன்று, 40,000. எஞ்சிய 1,70,000-இல் மகனுக்கு 85,000, மகள்களுக்கு ஆளுக்கு 42,500. பத்திரத்தில் இருப்பதோ மகன் பெயர் மட்டுமே. வருட முடிவில் அவன் எடுத்த தொகைக்கு 1099-ஆர் என்னும் சீட்டு அவன் பெயருக்கே வரும். மரணத்தால் வந்தது என்பதற்கு அடையாளமாக 4 என்ற எண்ணும் அதில் இருக்கும். சட்டத்தின் முன் முழுத் தொகையும் அவன் வருமானம்.

இப்போது இரண்டு அநீதிகள் வாசலில் காத்து நிற்கின்றன. மகன் பயபக்தி உள்ளவன். முழுப் பங்கையும் பிறருக்குக் கொடுத்துவிட்டு வரி முழுவதையும் தானே சுமக்கிறான். விரும்பிச் செய்தால் அது அவனுடைய இஹ்ஸான். மற்றவர்கள் அதைக் கட்டாயமாகக் கேட்டால் அவர்கள் அவனுக்கு அநீதம் செய்கிறார்கள். நாம் முன்பு சொன்னபடி அந்தப் பணம் வரியையும் சுமந்தே வந்தது. பலனில் பங்கு பெறுபவர் சுமையிலும் பங்கு பெறுவது பிக்ஹில் அறியப்பட்ட நீதி. மற்றோர் அநீதி மகன் பக்கத்திலிருந்து வருவது. அது சன்னமானது, கண்ணுக்கு எளிதில் புலப்படாது.

மகனும் அவன் மனைவியும் சேர்ந்து கணக்குக் கொடுப்பவர்கள், ஆண்டு வருமானம் 90,000 டாலர், 2025-ஆம் ஆண்டின் விகிதங்கள் என்று வைத்துக்கொள்வோம். 2,40,000-ஐயும் ஒரே ஆண்டில் எடுத்தால் மத்திய அரசுக்குக் கூடுதலாகக் கட்ட வேண்டியது ஏறத்தாழ 50,800 டாலர். அந்த வரி படிப்படியாக ஏறுவது. முதற்பகுதிக்கு 12 சதம், அடுத்ததற்கு 22, மேற்பகுதிக்கு 24. இப்போது மகன் உம்மும்மாவிடம், “நான் 24 சதப் படியில் இருக்கிறேன், உங்கள் 40,000-க்கு 9,600 வரி” என்று சொல்லிக் கழித்துக்கொள்கிறான். சொன்ன சதவீதம் பொய்யல்ல. ஆனால் அவர்களின் ஆறில் ஒரு பங்குக்கு உண்மையில் விழும் வரி 8,467 டாலர்தான். தன் பங்கைக் கீழ்ப்படியிலும் மூதாட்டியின் பங்கை மேற்படியிலும் வைத்து 1,100 டாலருக்கு மேல் தன் சட்டைப் பையில் சேர்த்துக்கொண்டான். அவர்கள் கணக்குக் கேட்கப் போவதில்லை. கேட்டாலும் விளங்கப் போவதில்லை. எடைக்கல்லில் குறைப்பவரைப் பற்றித் திருமறை தனி அத்தியாயமே இறக்கி எச்சரித்திருப்பதை நினைத்துக்கொள்ள வேண்டும். நேர்மையான வழி எளியது: இந்தப் பணம் இல்லாமல் ஒரு கணக்கும் இந்தப் பணத்தோடு ஒரு கணக்கும் போட்டு, இரண்டின் வித்தியாசத்தை மட்டும் பங்கு விகிதப்படி பகிர்ந்து, அந்தத் தாளையும் எல்லோருக்கும் காட்டிவிடுவது.

இதோடு முடியவில்லை. 2019-இன் இறுதியில் கையெழுத்தான சட்டப்படி, அதற்கு அடுத்த ஆண்டு முதல் மரணித்தவர்களின் கணக்கை வளர்ந்த மக்கள் போன்றோர், மரண ஆண்டுக்கு அடுத்துவரும் பத்தாம் ஆண்டு முடிவுக்குள் காலி செய்ய வேண்டும். (மனைவி, மரணித்தவரின் சிறு பிள்ளைகள், ஊனமுற்றோர், நாட்பட்ட நோயாளிகள், மரணித்தவரைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையராக இல்லாதோர் ஆகியோருக்குத் தனிச் சலுகை.) நம் உதாரணத்து மகன் ஆண்டுக்கு 24,000 வீதம் பத்து ஆண்டுகள் எடுத்தால் முழுவதும் 12 சதப் படியிலேயே அடங்கி, கணக்கின் வளர்ச்சியை விட்டுப் பார்த்தால் மொத்த வரி 28,800 டாலர்தான். ஒரே ஆண்டில் எடுப்பதைவிட 22,000 டாலர் மிச்சம். ஆனால் எழுபது எண்பது வயது உம்மும்மா பத்து ஆண்டு காத்திருக்க முடியுமா? அவர்களுடைய ஹக்கைத் தன் வரிச் சிக்கனத்துக்காகப் பிடித்து வைக்க மகனுக்கு என்ன அதிகாரம்? எல்லோரும் அறிந்து பொருந்திக்கொண்டால் காத்திருப்பது கூடும். அப்போது இடைக்காலத்தில் கணக்கு வளர்ந்தாலும் தேய்ந்தாலும் அது எல்லோருக்கும் பங்கு விகிதப்படியே. பொருந்தாதவருக்கு அவர் பங்கை முதலில் கொடுத்துவிட வேண்டும். முதல் ஆண்டில் உம்மும்மாவின் 40,000-ஐ மட்டும் எடுத்தால் விழும் வரி ஏறத்தாழ 4,955 டாலர்தான். அவர்கள் கைக்கு 35,000-க்குச் சற்று மேலே போய்ச் சேரும். எல்லாவற்றையும் ஒன்றாக எடுத்திருந்தால் கிடைத்திருப்பது 31,533. தேவையுள்ளவருக்கு முந்தியும் பொறுக்கக்கூடியவருக்குப் பிந்தியும் கொடுக்கும் இந்த ஏற்பாட்டில் மார்க்கமும் சிக்கனமும் மோதிக்கொள்ளவே இல்லை. பல சமயம் ஷரீஅத்தை நடைமுறைப்படுத்த முடியாது என்று சொல்லுவோர், உட்கார்ந்து ஒருமணி நேரம் கணக்குப் போட்டுப் பார்க்காதவர்களே.

மரணித்தவர் 73 வயதைக் கடந்தவராயின், அந்த ஆண்டு அவர் கட்டாயம் எடுத்திருக்க வேண்டிய தொகையில் மீதி இருப்பதைப் பெயருள்ளவர் எடுத்தாக வேண்டும்; தொடர்ந்து ஆண்டுதோறும் ஒரு தொகை எடுப்பதும் கட்டாயமாகலாம். கணக்கில் வட்டிப் பத்திரங்களின் வருவாய் கலந்திருந்தால் அந்தப் பகுதியை நன்மையை நாடாமல் ஏழைகளுக்குக் கொடுத்துக் கழிப்பது பற்றி இவ்விதழின் வாசகர்களுக்கு நாம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

பங்குகளைக் கொடுக்கும்போது இன்னொரு சங்கடம் எழுகிறது. மகன் உம்மும்மாவுக்கு அனுப்புவதை அமெரிக்கச் சட்டம் அன்பளிப்பு என்றே காணும். 2025-இல் ஒருவருக்கு ஓர் ஆண்டில் 19,000 டாலருக்கு மேல் கொடுத்தால் 709 என்ற படிவத்தில் தெரிவிக்க வேண்டும். வாழ்நாள் வரம்பு மிகப் பெரிதாக இருப்பதால் பெரும்பாலோர் வரி எதுவும் கட்ட நேராது, தெரிவித்தால் போதும். மார்க்கப்படி ‘உரிமையைத் திருப்பித் தருகிறேன்’ என்று நிய்யத் வைத்தவன் படிவத்தில் ‘அன்பளிப்பு’ என்று எழுதினால் அது பொய்யாகாதா? ஆகாது என்பதே நம் கருத்து. படிவத்தின் சொல்லுக்குப் படிவத்தின் அகராதியில் பொருள். எந்தச் சட்டக் கடமையும் இல்லாமல், பதிலுக்கு எதுவும் பெறாமல் கொடுத்தான் என்பதே அங்கு அதன் பொருள். அது உண்மையும் கூட. ஆனால் பெறுபவரிடம் பேசும்போது அந்தச் சொல்லைக் கொண்டுபோகக் கூடாது. லாத்தாவிடம் காசோலையை நீட்டி “இது என் அன்பளிப்பு” என்பவன், அவளுடைய சொந்தப் பொருளைக் கொடுத்து அவளிடம் நன்றிக்கடன் சம்பாதிக்கிறான். ‘இது உனக்கு அல்லாஹ் வகுத்த பங்கு’ என்று சொல்லிக் கொடுக்க வேண்டும்.

அடுத்து, வரிக் கணக்கில் உண்மை. ‘ரோல் ஓவர்’ என்று ஒரு வழி உண்டு. ஓய்வுக் கணக்கிலிருந்து எடுத்ததை இன்னோர் ஓய்வுக் கணக்கில் மாற்றிவிட்டால் அவ்வாண்டு வரி விழாது. கணவனுடையதை மனைவியோ மனைவியுடையதைக் கணவனோ தம் சொந்தக் கணக்காகவே ஆக்கிக்கொள்ளலாம். மக்களுக்கும் மற்றவர்களுக்கும் அந்த அனுமதி இல்லை. மரணித்தவர் பெயரும் சேர்ந்து நிற்கும் வாரிசுக் கணக்கொன்றுக்கு நிறுவனத்திலிருந்து நிறுவனத்திற்கு நேராக மாற்றலாம், அவ்வளவுதான். காசோலையைக் கையில் வாங்கிவிட்டால் 60 நாளுக்குள் திருப்பிப் போடும் வழியும் அவர்களுக்கு அடைப்பு, முழுவதும் வருமானமாகிவிடும். (முதுமைக்கு முன் எடுத்தால் விழும் 10 சத அபராதம் மரணத்தால் வந்த தொகைக்கு இல்லை.) இன்று வரிக் கணக்கைக் கம்ப்யூட்டரே கேள்வி கேட்டு நிரப்பிவிடுகிறது. ‘இந்தப் பணத்தை வேறு கணக்கில் மாற்றினீர்களா?’ என்று கேட்கும். ‘ஆம்’ என்று ஒரு விரல் தட்டினால் ஆயிரக்கணக்கான டாலர் வரி பூஜ்யமாகிவிடும். விரலுக்கும் மறுமைக்கும் இடையில் அவ்வளவுதான் தூரம்.

“அது முஸ்லிம் சர்க்கார் அல்லவே, வட்டிக்கும் போருக்கும் போகிற வரிதானே” என்று வாதிப்பவர் உண்டு. வரி விதிப்பது நியாயமா அநியாயமா என்பதில் உலமாக்களிடையே நெடிய விவாதம் இருக்கிறது; அதற்குள் நாம் புகவில்லை. இங்கே கேள்வி வேறு. அந்த 1040 படிவத்தின் அடியில், இதில் உள்ளவை என் அறிவுக்கு எட்டிய வரை உண்மை என்று, பொய்யானால் தண்டனைக்கு உட்பட்டு ஒருவர் கையெழுத்திடுகிறார். விசா பெற்று அந்நாட்டில் நுழைந்ததும், பிறகு குடியுரிமைக்கு உறுதிமொழி கூறியதும் உடன்படிக்கைகள். சூரத்துல் மாயிதாவின் முதல் வசனமே உடன்படிக்கைகளை நிறைவேற்றக் கட்டளையிடுகிறது. எதிரே இருப்பவர் முஸ்லிமா என்று அது கேட்கவில்லை. மதீனாவுக்குப் புறப்பட்ட இரவிலும், தம்மைக் கொல்லத் துணிந்த மக்காவாசிகளின் அடைக்கலப் பொருள்களைத் திருப்பிக் கொடுக்க அலீ (ரலி) அவர்களை நிறுத்திவிட்டுச் சென்ற நாயகத்தின் உம்மத் நாம். வரி மிகுதி என்று கருதினால் சட்டம் திறந்து வைத்திருக்கும் வழிகளில் குறைத்துக்கொள்ளலாம். பத்தாண்டில் பரப்பி எடுப்பது அப்படி ஒரு வழி. மாற்றாததை மாற்றினேன் என்பது வழியன்று, பொய்.

இதற்கு நேர்மாறான ஒரு மறதியும் உண்டு. கணவனின் 401-கே பணத்தை முறைப்படித் தன் கணக்குக்கு மாற்றிய மனைவி, வரிதான் இல்லையே என்று படிவத்தில் அதைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார். 1099-ஆர் சீட்டு சர்க்காருக்கும் போயிருப்பதால் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும், வீண் கலக்கம். 5ஏ வரியில் முழுத் தொகையையும், வரிக்குரியதைச் சொல்லும் 5பி வரியில் பூஜ்யத்தையும் எழுத வேண்டும், ஐ.ஆர்.ஏ. ஆனால் 4ஏ, 4பி. ஜகாத் கடமையாகாது என்று எண்ணிச் செல்வத்தை எண்ணிப் பார்க்காமலே இருப்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். எண்ணிப் பார்த்தால்தானே கடமையில்லை என்பதே தெரியும்?

எல்லாவற்றிலும் கனமானது, இளம் மனைவியையும் சிறு பிள்ளைகளையும் விட்டு ஒருவர் மவுத்தாகும்போது நேருவது. மனைவி பெயரில் எல்லாம் வருகிறது. அதில் அவருடையது எட்டில் ஒன்று. மற்றது எத்தீம்களின் பொருளும், மாமனார் மாமியார் ஹயாத்தாக இருந்தால் அவர்களின் பொருளும். ஆலோசகர்கள் சொல்லுகிறபடி அவர் முழுவதையும் தம் சொந்தக் கணக்காக மாற்றிவிட்டால், பிறகு ஐம்பத்தொன்பதரை வயதுக்குமுன் பிள்ளைகளுக்காக எடுக்கும்போது வரியோடு 10 சத அபராதமும் பெரும்பாலும் விழும். மாற்றாமல் வாரிசுக் கணக்காகவே வைத்திருந்தால் அபராதம் இல்லை. எத்தீம்களின் பொருளை அநியாயமாக உண்பவரைப் பற்றி சூரத்துன் நிஸாவின் 10-ஆம் வசனத்தில் வந்துள்ள எச்சரிக்கையை வாசகர்கள் அறிவார்கள். உண்பது மட்டுமல்ல, கவனமின்றிக் கரைய விடுவதும் பொறுப்பாளருக்குத் தகாது. ஆகையால் அந்தப் பெண்மணி அவசரப்பட்டுக் கையெழுத்திடுமுன், எவ்வளவு யாருடையது என்று தனி ஏட்டில் எழுதி இரண்டு பேரைச் சாட்சியாக்கிக்கொள்வது நல்லது. ஊரிலுள்ள மாமனார் குடும்பமும் அவர் துக்கத்தில் இருக்கையில் தொலைபேசியில் பங்கு கேட்டு நெருக்காமல் இருப்பது அவர்கள் மீதுள்ள கடமை.

இத்தனை சிக்கலையும் உயிரோடிருப்பவரே பெரும்பாலும் தீர்த்துவிடலாம். பத்திரத்தில் ஒரே பெயர்தான் எழுத வேண்டும் என்பதில்லை. பல பெயர்களைச் சதவீதத்தோடு எழுதலாம். அப்படி எழுதினால் ஒவ்வொருவரும் தம் பங்கைத் தாமே பெற்று, வரியையும் தாமே பார்த்துக்கொள்வார்கள். மனைவி தம் பகுதியை மட்டும் ரோல் ஓவர் செய்துகொள்ளலாம். பிறப்பும் இறப்பும் பங்குகளை மாற்றிவிடும் என்பதால், ரமலானில் ஜகாத் கணக்குப் பார்க்கும்போது இந்தப் பத்திரத்தையும் எடுத்துப் பார்ப்பது வழக்கமாகட்டும். மரணத்திற்குப் பின் பெயருள்ளவர் ‘எனக்கு வேண்டாம்’ என்று 9 மாதத்திற்குள் எழுதிக் கொடுக்கவும் சட்டம் இடந்தருகிறது. ஆனால் இன்னாருக்குக் கொடுங்கள் என்று சொல்ல முடியாது, அடுத்தபடியாக எழுதப்பட்டவருக்கே போகும். அந்த அடுத்த பெயர்கள் சரியாக இருந்தால்தான் அது பயன்படும்.

401-கே கணக்கில் மட்டும், மனைவியல்லாத பெயரை எழுத மனைவியின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டும். அதற்கு நோட்டரியோ திட்ட அதிகாரியோ சாட்சியாக வேண்டும். அந்நாட்டுச் சட்டம் மனைவிக்கு முழுவதையும் தருகிறது. ஷரீஅத் அவருக்கு எட்டில் ஒன்றோ நாலில் ஒன்றோ தருகிறது. அந்தச் சம்மதத்தைக் கேட்கும் கணவர், எதை விட்டுக்கொடுக்கச் சொல்கிறோம், ஏன் என்பதை அவருக்கு விளங்கும்படி சொல்ல வேண்டும். ஆலிம் ஒருவரிடம் கேட்டுத் தெளிய அவகாசமும் தர வேண்டும். மஹர் பாக்கி இருந்தால் அதை முதலில் கொடுத்துவிட்டு, பிறகு அந்தக் காகிதத்தை அவர் முன் வைக்கலாம்.